பாங்காக்கிலிருந்து மே க்லோங் வரை கடலோர ரயிலில் ஒரு நாள்: நேரம், வழி, எங்கே சறுக்கும்?

நீலக்கரை (இழையைத் தொடங்கியவர்)

டிசம்பரில் அப்பா அம்மாவோடு பாங்காக். ஒரு முழு நாள் காலியாக இருக்கிறது. ஃபுக்கெட், கிராபி என்று விமானம் ஏறும் உத்தேசம் இல்லை. காலையில் கிளம்பி, கடலோரமாக நிதானமாகப் போய்விட்டு இரவுக்குள் திரும்பினால் போதும். சந்தைக்குள் ரயில் புகும் மே க்லோங்கை டூர் வேனில் காட்டுகிறார்கள், ஆனால் அது ஓட்டமும் நடையுமாக முடிந்துவிடும் என்று படுகிறது. முழுக்க ரயிலிலேயே போக முடியுமா? அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம். கிழமை இன்னும் முடிவாகவில்லை.

தண்டவாளம்

தாராளமாகப் போகலாம். ஆனால் இது ஒரே பாதை இல்லை, இரண்டு துண்டு. நடுவில் தா சீன் ஆறு. 1900களின் தொடக்கத்தில் இரண்டு தனியார் கம்பெனிகள் ஆளுக்கொரு கரையில் போட்ட மீட்டர் கேஜ் பாதைகள் இவை. ஆற்றுக்குப் பாலம் கட்டி இரண்டையும் இணைக்கவே இல்லை. நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடும் இதற்குத் தொடர்பு கிடையாது. அதனால் ஹுவா லம்போங்கிலோ புதிய பெரிய நிலையத்திலோ போய் மே க்லோங் டிக்கெட் கேட்டால் கிடைக்காது. நிறைய பேர் தடுக்கி விழும் முதல் இடம் இது.

கிளம்ப வேண்டியது வோங்வியன் யாய் ரயில் நிலையம். அதே பெயரில் இருக்கும் மேம்பால ரயில் நிலையத்திலிருந்து 15 நிமிட நடை. கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் வெளியிலிருந்து ரயில் நிலையம் என்றே தெரியாது. தெரு ஓரத்து இடைவெளியில் நுழைந்தால் நேரே நடைமேடை. அம்மாவுக்கு நடை வேண்டாம் என்றால் மேம்பால ரயிலில் வுத்தாகாட் வரை போய் இறங்குங்கள். பக்கத்திலேயே இந்தப் பாதையின் சிறு நிறுத்தம் இருக்கிறது. ஆனால் வோங்வியன் யாயில் ஏறினால் உட்கார இடம் நிச்சயம்.

முதல் துண்டு: வோங்வியன் யாய் – மகாசாய், சுமார் 31 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 10 பாட்.

மகாசாயில் சந்தை வழியாக வெளியே வந்து படித்துறைக்கு நடந்து, படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். கட்டணம் சில பாட் சில்லறைதான். கடந்தால் தா சலோம். படகிலிருந்து ஏறிச் சாலைக்கு வந்ததும் வலது பக்கம் திரும்பி, ஆற்றுக்கு இணையாக 10 முதல் 15 நிமிடம் நடந்தால் பான் லேம் நிலையம்.

இரண்டாம் துண்டு: பான் லேம் – மே க்லோங், சுமார் 34 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், இதற்கும் 10 பாட்.

முதல் துண்டில் மணிக்கு ஒன்று என்ற கணக்கில் வண்டி உண்டு. இரண்டாம் துண்டில் நாளுக்கு நான்கே வண்டி. பான் லேமிலிருந்து 7:30, 10:10, 13:30, 16:40. மே க்லோங்கிலிருந்து 6:20, 9:00, 11:30, 15:30. உங்கள் நாள் முழுவதும் இந்த எட்டு நேரங்களைச் சுற்றித்தான். பல வருடமாக இதே அட்டவணைதான் ஓடுகிறது. இருந்தாலும் போவதற்கு முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதைப் பராமரிப்புக்காக 2015இல் இந்தத் துண்டைப் பல மாதம் மூடியே வைத்திருந்தார்கள்.

வேனில்காலம்

தண்டவாளம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 68 வயது அம்மாவை வைத்துக்கொண்டு ரயில், படகு, நடை, மறுபடி ரயில் என்று எதற்கு? தென் பேருந்து நிலையத்திலிருந்து மினி வேன் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் மே க்லோங். 11:10க்கு வண்டி சந்தைக்குள் வருவதைப் பார்த்துவிட்டு மதியத்துக்குப் பக்கத்திலிருக்கும் அம்பாவா மிதவைச் சந்தைக்குப் போய்விடலாம்.

தண்டவாளம்

நேரம் மட்டும்தான் கணக்கு என்றால் உங்கள் வழிதான் சரி. ஆனால் கேட்டவர் நிதானமான நாள் கேட்கிறார். மினி வேன் போகும் இரண்டாம் ராமா சாலையில் பல வருடமாக மேம்பால வேலை நடக்கிறது. பார்ப்பதற்கு லாரியும் தூணும்தான். அந்த ஒன்றரை மணி நேரமும் பல நாள் இரண்டரை ஆகிவிடும்.

இன்னொன்று. சந்தையில் நின்று பார்ப்பது வேறு, வண்டிக்குள் இருந்து பார்ப்பது வேறு. 10:10 வண்டியில் போனால் இரண்டும் கிடைக்கும். 11:10க்கு வண்டியில் இருந்தபடியே சந்தைக்குள் நுழைகிறீர்கள். ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் மடித்த கூடாரத் துணியும், மீன் தட்டும், வியாபாரி முகமும் நகரும். இறங்கி, வந்த தண்டவாளத்தின் வழியே நிலையத்திலிருந்து சந்தைக்குள் நடந்து, சுவர் ஓரமாக ஓர் இடம் பிடித்து நின்றால், அதே வண்டி 11:30க்குத் திரும்பும்போது வெளியிலிருந்து பார்க்கலாம். மறுபடி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதே இல்லை. 20 நிமிடத்துக்குள் இரண்டு பார்வை.

நிற்கும்போது கவனிக்க வேண்டியது: முதுகு கடைச் சுவரில் ஒட்டியிருக்கட்டும், தோள்பை முன்பக்கம் இருக்கட்டும், காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். வண்டி மெதுவாகத்தான் வரும், ஆனால் பெட்டியின் படிக்கட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கீரைக் கூடைகளைத் தண்டவாளத்தை ஒட்டியே விட்டுவிடுவார்கள். வண்டியின் அடிப்பாகம் அதன் மேலாகப் போகும் உயரம் அவர்களுக்கு அத்துப்படி. உயரமான தட்டுகளுக்கு அடியில் சிறு சக்கரம் இருக்கும், ஒரு தள்ளு தள்ளினால் பின்னால் போய்விடும். சங்கு கேட்ட பிறகு கூடாரக் கம்பை இழுக்கும் வியாபாரிக்குக் குறுக்கே போகாதீர்கள். அவர்களுக்கு அது காட்சி இல்லை, தினப்படி வேலை.

வேனில்காலம்

11:10, 11:30 கணக்கு நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டூர் கூட்டமும் அதே நேரத்துக்குத்தான் வரும். கடைசி சில நிறுத்தங்களில் குழு குழுவாக ஏறி பெட்டி நெருக்கிவிடும்.

தண்டவாளம்

ஆமாம், லாட் யாய் மாதிரி மே க்லோங்குக்கு முந்தைய நிறுத்தங்களில் ஏறுவார்கள். பான் லேமிலேயே ஏறியவர்களுக்கு அதற்குள் ஜன்னலோரம் உறுதியாகியிருக்கும். நான் பான் லேமை வலியுறுத்த இதுவும் காரணம்.

உப்பங்காற்று

சந்தையைப் பற்றியே பேசுகிறோம். இந்தப் பயணத்தில் மனதில் நிற்பது பான் லேமுக்கும் மே க்லோங்குக்கும் நடுவில் இருக்கும் உப்பளம்தான் என்பது என் கருத்து. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கடலோர ரயில் என்றாலும் வண்டியிலிருந்து கடல் தெரியாது. அலையாத்திக் காடு, இறால் குட்டை, நீர்த்தென்னை, பிறகு கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பாத்தி. பான் நா குவாங், பான் நா கோக் என்று நிறுத்தங்கள் வரும்போது போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே பாருங்கள்.

தாய்லாந்தின் கடல் உப்பில் பெரும்பகுதி சமுத் சாகோன், சமுத் சோங்க்ராம், பெட்சபுரி மாகாணங்களிலிருந்து வருகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு முறை புரியும். கடல் நீரை முதலில் தேக்கத்தில் விட்டு மண் தெளிய வைக்கிறார்கள். பிறகு பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் கெட்டிப்படுத்துகிறார்கள். உப்பு நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு 25 டிகிரி தொட்டால் கடைசிப் பாத்தியில் உப்பு விளைய ஆரம்பிக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். 29, 30 தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். பருவத் தொடக்கத்தில் கடைசிப் பாத்தியின் களிமண் தரையை உருளை ஓட்டி இறுக்குவார்கள். தரை இளகியிருந்தால் நீர் கசியும், வாரும்போது உப்போடு சேறும் வரும்.

நீர் ஏற்ற காற்றாடிகள் இருக்கும். துணியோ பாயோ கட்டிய இறக்கை, கீழே நீண்ட மரத் தொட்டிக்குள் பலகைகள் கோத்த சங்கிலி. இப்போது பெரும்பாலும் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் அங்கங்கே இன்னும் சுற்றுகின்றன.

நீலக்கரை கவனத்துக்கு: டிசம்பரில் வெள்ளைக் குவியல்களை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மழை விட்டுப் பாத்தி தயாராகும் காலம் அது. வானம் பிரதிபலிக்கும் நீர்ப்பாத்திகள்தான் அதிகம். கூம்பு கூம்பாக உப்பு நிற்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மே கடைசியில் மழை இறங்கிவிட்டால் அந்த வருட வேலை முடிந்தது.

உட்காரும் பக்கம்: போகும்போது இடது கை கடல் பக்கம். டிசம்பர் காலையில் வெயிலும் அங்கேதான். உப்பளம் இரண்டு பக்கமும் இருப்பதால் பெரியவர்கள் வலது பக்கமே உட்காரலாம், ஒன்றும் இழப்பு இல்லை. பெட்டியில் மின்விசிறியும் திறந்த ஜன்னலும்தான் என்று வைத்துக்கொண்டு தொப்பி, தண்ணீரோடு போங்கள். இந்த இடம் ஏறத்தாழ சென்னையின் அட்சரேகை, டிசம்பரிலும் பதினொரு மணி வெயில் சுடும்.

வெண்கொக்கு

குறுக்கே ஒரு தகவல். பறவை பார்ப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால், நவம்பர் முதல் மார்ச் வரை சமுத் சாகோனின் கோக் காம் உப்பளங்களுக்குக் கரண்டிமூக்கு உள்ளான் வரும். உலகில் சில நூறுதான் மிச்சம் இருக்கும் பறவை. இது ரயில் பாதையிலிருந்து விலகிய இடம், மகாசாயிலிருந்து தனி வண்டி வைத்துக்கொள்ள வேண்டும், தொலைநோக்கியும் தேவை. மேலே சொன்ன நாளோடு இதைச் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும். வரப்பில் ஏறி நடக்காதீர்கள், அது ஒருவரின் வயல்.

நீலக்கரை

எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்வி. அம்மாவின் முட்டிக்கு எந்த இடம் கஷ்டம்? சைவச் சாப்பாடு எங்கே, எப்படிக் கேட்பது? செவ்வாய் நல்லதா, சனி நல்லதா?

வேனில்காலம்

முட்டிக்கு நான் சொல்கிறேன். கஷ்டமான இடம் மூன்று. ஒன்று, சிறு நிலையங்களில் நடைமேடை தாழ்வு, பெட்டிப் படி உயரம். முதலில் நீங்கள் ஏறிக் கை கொடுங்கள், பின்னால் அப்பா நிற்கட்டும். இரண்டு, படகுத் துறை. படகு ஆடும்போது கால் வைக்காமல் அது மோதி நிலைத்த பிறகு ஏறச் சொல்லுங்கள். கூட்டம் முண்டும், வழிவிட்டுக் கடைசியில் ஏறலாம், அடுத்த படகும் சீக்கிரமே வரும். மூன்று, மே க்லோங்கில் ஏற வேண்டிய சோங்தேவ், அதாவது பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப். அதன் படியும் உயரம், உள்ளே குனிந்து போக வேண்டும். ஓட்டுநர் பக்கத்து முன் சீட்டைக் கேட்டால் பெரியவர்களுக்குத் தருவார்கள்.

தா சலோமில் அந்த 15 நிமிட நடைக்குப் பதில் படித்துறையிலேயே சாம்லோ, மூன்று சக்கர சைக்கிள் வண்டி, நிற்கும். ஏறும் முன் வாடகை பேசிவிடுங்கள். "சத்தானீ ரோட் ஃபாய் பான் லேம்" (பான் லேம் ரயில் நிலையம்) என்றால் போதும்.

பச்சைமிளகாய்

சைவம் பற்றி. வழியெல்லாம் மீன் சந்தை, அதனால் இதைத் திட்டமிட்டே செய்ய வேண்டும். "காய்கறி மட்டும்" என்று கேட்டு வரும் தட்டில் மீன் சாறும் சிப்பிச் சாறும் கட்டாயம் இருக்கும். காய்கறிச் சோறு சாப்பிட்டோம் என்று திரும்புபவர்களில் பலர் சாப்பிட்டது அதைத்தான். கேட்க வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண் மாதிரி இருக்கும். அந்தக் கொடி தொங்கும் கடையில் மீன் சாறு, முட்டை, பால் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டும் கிடையாது. விரத நாள் அம்மாக்களுக்கும் ஒத்துவரும். பொதுவாகச் சைவத்தைக் குறிக்கும் "மங்சவிராட்" என்றால் முட்டை, பால் வரலாம். கொடி இல்லாத கடையில் "மாய் சாய் நாம் ப்ளா, மாய் சாய் கபி": மீன் சாறு வேண்டாம், இறால் விழுது வேண்டாம். இதை போனில் தாய் எழுத்தில் வைத்துக் காட்டுவது இன்னும் பத்திரம்.

ஜே கடையை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று பசியோடு போகாதீர்கள். வோங்வியன் யாயைச் சுற்றியே காலைச் சாப்பாட்டை முடித்து, மதியத்துக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். மே க்லோங் பக்கம் பழத்துக்குப் பஞ்சமில்லை. பம்ப்ளிமாஸ் அந்த மாகாணத்தின் பெருமை, உரித்துச் சுளையாகவே விற்கிறார்கள். இளநீர், சுட்ட வாழைப்பழம், தேங்காய்ப்பால் ஊற்றிக் குழிக்கல்லில் சுடும் கனோம் க்ரோக் கிடைக்கும். அதில் மேலே வெங்காயத்தாள் தூவுவார்கள், வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள்.

தண்டவாளம்

கிழமை: இதுதான் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம். அம்பாவா மிதவைச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும், அதுவும் பிற்பகல் தொடங்கி இரவு வரை. மே க்லோங்கிலிருந்து கடைசி ரயில் 15:30. 17:40க்கு வந்து சேரும் வண்டி இரவு அங்கேயே தங்கிவிடும், மறுநாள் 6:20க்குத்தான் கிளம்பும். அம்பாவா சூடு பிடிக்கும் நேரத்தில் உங்கள் ரயில் போய்விடும். ஆக சனிக்கிழமை என்றால் போக ரயில், வர வேன். செவ்வாய் என்றால் போக வர ரயில், அம்பாவா கிடையாது.

என்னைக் கேட்டால் செவ்வாய். 15:30 வண்டி, 16:30 பான் லேம், மாலை வெளிச்சத்தில் படகு, மகாசாயிலிருந்து அடுத்த வண்டி. அங்கிருந்து கடைசி வண்டி 19:00 மணி வாக்கில், அதற்குள் எப்படியும் வந்துவிடுவீர்கள்.

தென்னந்தோப்பு

நான் சனிக்கிழமைக் கட்சி. மே க்லோங்கிலிருந்து அம்பாவா 6 கிலோமீட்டர் போல, சோங்தேவில் 20 நிமிடம். தாய்லாந்து மன்னர் இரண்டாம் ராமா பிறந்த ஊர், அவர் நினைவுப் பூங்கா கால்வாயை ஒட்டியே இருக்கிறது. மாலை வெயில் தணியும் வரை நிழலில் உட்கார நல்ல இடம். இருட்டிய பிறகு படகில் மின்மினி பார்க்கக் கூட்டிப்போவார்கள். லம்பு மரத்தில்தான், நம் கிண்ணை மரத்தின் வகை, அவை கூடும். மழைக்காலத்தில்தான் அதிகம், டிசம்பரில் குறைவு. நிலவில்லாத இரவாகப் பாருங்கள். பௌர்ணமி அன்று போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

வேன் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: அம்பாவாவில் இறங்கியதும் முதல் வேலையாகப் பாங்காக் திரும்பும் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அப்போதே இடம் எழுதிவிடுங்கள். சனி, ஞாயிறு இரவில் கடைசி வேன்கள் நிரம்பிவிடும். அங்கிருந்து டாக்சி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை எகிறும்.

வாங்க வேண்டியது ஒன்றுதான்: தென்னம்பாளைச் சர்க்கரை. பதநீர் புளிக்காமல் இருக்க நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிற இடத்தில், அங்கே பயோம் மரச் சீவலைக் குழாய்க்குள் போடுகிறார்கள். அதிலிருந்து வரும் லேசான துவர்ப்புதான் அந்தச் சர்க்கரையின் ருசி. பளிச்சென்று வெளுப்பாக, கல் மாதிரி இறுகியிருந்தால் கரும்புச் சர்க்கரை கலந்தது. சுத்தமானது பழுப்பாக, நகம் பட்டாலே இளகும், வெளியில் வைத்தால் சில நாளில் கசிந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

உப்பங்காற்று

மீன் சாப்பிடும் அப்பாவுக்கும் ஒன்று சொல்லலாம். மே க்லோங் சந்தையில் மூங்கில் கூடையில் கழுத்து வளைந்து படுத்திருக்கும் மீன் ப்ளா தூ. நம் கானாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட உறவு, இரண்டும் ஒரே பேரினம். கூடைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே கழுத்தை ஒடித்து வளைத்து, கூடையோடு உப்பு நீரில் வேக வைக்கிறார்கள். மே க்லோங் மீன் குட்டை, அகலம், தோல் மெல்லியது. நீளமாக ஒல்லியாக இருந்தால் வேறு கடல் மீன். டிசம்பர் அதற்கு நல்ல மாதம். அது ஏற்கெனவே வெந்த மீன், ஆனால் அப்படியே தின்பதில்லை. பொரித்து, இறால் விழுதுத் துவையலோடு சாப்பிடுவது அங்கத்திய முறை.

நீலக்கரை

தோன் ஹோய் லோட் என்று ஒரு மணல் திட்டு பற்றிப் பார்த்தேன். கடலைக் கண்ணால் பார்க்க அது சரிப்படுமா?

உப்பங்காற்று

கடலைப் பார்க்கச் சரிப்படும். திட்டைப் பார்க்க டிசம்பர் சரிப்படாது. மே க்லோங் ஆறு கடலில் கலக்கும் இடம், 2001 முதல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், உள்ள சதுப்பு நிலம். பகலில் நீர் நன்றாக வற்றித் திட்டு தலைகாட்டுவது மார்ச் முதல் மே வரை. அப்போது ஆட்கள் குச்சி நுனியில் சுண்ணாம்பு தொட்டு வளையில் குத்துவார்கள், நீள ஓட்டுச் சிப்பி எரிச்சலில் மேலே வரும். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் சுற்றியுள்ள குஞ்சுகளும் சாகும், அதனால்தான் குச்சி நுனி. டிசம்பர் பகலில் கரையோர உணவகமும், கடற்படைக்கு அடித்தளமிட்ட சும்போன் இளவரசரின் சன்னதியும், காற்றும்தான். சந்தைப் பக்கத்திலிருந்து சோங்தேவ் போகும். செவ்வாய் திட்டத்தில் 11:30 வண்டி போன பிறகு 15:30 வரை நான்கு மணி நேரம் இருக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். 15:00க்குள் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

நீலக்கரை

செவ்வாய் என்று முடிவு. கடைசிக் கேள்வி: வோங்வியன் யாயில் எந்த வண்டி? 10:10ஐத் தவறவிட்டால்?

தண்டவாளம்

8:35 வண்டி கணக்குப்படி ஒன்பதரைக்கு மகாசாய் சேரும். இளைஞர்களுக்கு 40 நிமிடம் போதும். இது ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்காக நிறுத்தினால் பத்து நிமிடம் போய்விடும். முட்டி வலியோடு அந்த ஓட்டம் வேண்டாம், 7:40 வண்டியைப் பிடியுங்கள். மிச்ச நேரத்தில் மகாசாய் சந்தையின் கருவாட்டு வரிசையைப் பார்த்துவிட்டு, கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொண்டு படகேறலாம்.

10:10 போய்விட்டால் அடுத்தது 13:30. பான் லேமில் மூன்று மணி நேரம் உட்கார அங்கே ஒன்றும் இல்லை. மகாசாய் கரைக்கே திரும்பி, படித்துறை அருகே மூன்றாம் ராமா காலத்துக் கோட்டையையும் நகரத் தூண் சன்னதியையும் பார்த்து, சாப்பிட்டு, 13:00க்குள் மறுபடி கடந்துவிடுங்கள். 14:30க்கு மே க்லோங், 15:30க்குத் திரும்ப அதே வண்டி. சந்தை கிடைக்கும், தோன் ஹோய் லோட் கிடைக்காது. அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு மினி வேனுக்குத் தாவாதீர்கள், மதிய நேரத்தில் இரண்டாம் ராமா சாலையில் மாட்டினால் 14:30ம் போய்விடும்.